பழுப்பு நிறத்தை வாசித்தல்: திசுவில் புரதத்தைத் தேடிய கலையின் வரலாறு

மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஒருவருக்குத் தரப்படும் நோயியல் அறிக்கையில் வழக்கமாக மூன்று சுருக்கெழுத்துகள் இருக்கும். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. ஒவ்வொன்றின் எதிரிலும் 'பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்' என்று ஒரு சொல் எழுதப்பட்டிருக்கும். பல ஆண்டுகளுக்கு ஹார்மோன் தடுப்பு மாத்திரை கொடுப்பதா, விலை உயர்ந்த எதிர்ப்பொருள் மருந்தை ஊசியாகச் செலுத்துவதா, இரண்டும் பயன்படாது என்று கீமோதெரபியை மட்டும் நம்புவதா என்பதையெல்லாம் அச்சொற்களே பெரிதும் தீர்மானிக்கின்றன. அவற்றை எழுதிய மருத்துவர் அந்தப் புரதங்களை நேரில் கண்டவர் அல்லர். சில மைக்ரோமீட்டர் தடிமனுக்குச் சீவப்பட்ட திசுவில் ஆங்காங்கே படிந்திருந்த பழுப்பு நிறத்தையே அவர் நுண்ணோக்கியில் கண்டார். அந்நிறத்தைப் புரதத்தின் அடையாளமாக ஏற்கலாம் என்ற நம்பிக்கை உருவாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்நம்பிக்கை எந்த நிபந்தனைகளின்மேல் நிற்கிறது என்பதை மறந்த இடங்களில் மனித உயிர்கள் விலையாயின.

நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும் திசு இயல்பில் நிறமற்றது. சாயம் ஏற்றினால்தான் அதில் உருவங்கள் புலப்படும். நடு அமெரிக்காவின் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து பெறப்படும் ஹீமடாக்சிலின் செல்லின் உட்கருவை நீலமாகக் காட்டும். இயோசின் என்னும் செயற்கைச் சாயம் மற்றப் பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இணைந்த இவ்விரண்டும் இன்றும் உலகெங்கும் நோயியல் ஆய்வகங்களின் அன்றாடச் சாயங்கள். ஆனால் இவை வடிவத்தை மட்டுமே காட்டும். ஒரே தோற்றம் கொண்ட இரு செல்களுள் ஒன்று நிணநீர்ச் செல்லிலிருந்தும் மற்றொன்று தோல் போன்ற மேலணித் திசுவிலிருந்தும் பிறந்திருந்தால், அந்த வேறுபாட்டைச் சொல்ல இவற்றால் இயலாது.

குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் தேர்ந்து பற்றும் சாயம் இருக்க முடியும் என்ற கனவு பால் எர்லிக்குடையது. 1878இல் லைப்சிக்கில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடே திசுக்களுக்குச் சாயமேற்றுவது பற்றியது. சில சாயங்கள் சில செல்களை மட்டும் பற்றுவானேன் என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் துரத்தியது. 1890இல் எமில் ஃபான் பேரிங்கும் கிடாசாடோ ஷிபாசபுரோவும், நோய்க்கு ஆட்பட்ட விலங்கின் குருதிநீரில் டிஃப்தீரியா, டெட்டனஸ் நச்சுகளை முறிக்கும் ஏதோ ஒன்று தோன்றுவதைப் பெர்லினில் நிறுவினர். அடுத்த ஆண்டே எர்லிக்கின் கட்டுரையொன்றில் 'ஆன்டிகேர்ப்பர்' என்ற ஜெர்மன் சொல் இடம்பெற்றது. 'எதிர்ப்பொருள்' என்று தமிழில் நாம் வழங்குவதன் மூலச்சொல் அதுவே. பொருள் எதுவென்று எவரும் அறியாத காலத்திலேயே பெயர் பிறந்துவிட்டது. 1897இல் எர்லிக் முன்வைத்த பக்கச்சங்கிலிக் கோட்பாடு, எதிர்ப்பொருள் தன் இலக்கைப் பூட்டும் திறவுகோலும் போலப் பொருந்திப் பற்றுகிறது என்று கூறியது. சாயத்தையும் எதிர்ப்பொருளையும் ஒருசேரச் சிந்தித்த அவர், இரண்டையும் ஒன்றாக இணைக்கும் படியை எடுக்கவில்லை. அதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

1934இல் இங்கிலாந்தில் ஜான் மாரக் அந்த இணைப்பைச் செய்து காட்டினார். டைஃபாய்டு, காலரா கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களோடு அவர் சிவப்புச் சாயம் ஒன்றை வேதிப் பிணைப்பால் கோத்தார். எதிர்ப்பொருள் தன் பற்றும் திறனை இழக்கவில்லை. உரிய கிருமிகள் இளஞ்சிவப்பாயின. பிற கிருமிகள் ஆகவில்லை. மாரக்கின் அக்கறை எதிர்ப்பொருளின் வேதியியலில்தான் இருந்தது. திசுவில் ஒரு பொருளின் இருப்பிடத்தைத் தேடும் கருவியாக அவர் இதனைக் கருதவில்லை. கருதியிருந்தாலும் அச்சாயத்தின் மங்கிய நிறம் மெல்லிய திசுச் சீவலில் கண்ணுக்குப் புலப்பட்டிருக்காது.

கருவியாக மாற்றியவர் ஆல்பர்ட் கூன்ஸ். ஹார்வர்டில் மருத்துவம் பயின்ற அவர் 1939ஆம் ஆண்டின் கோடையைப் பெர்லினில் கழித்தார். போர் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. வாதக் காய்ச்சலால் தாக்குண்ட இதயத்தில் தோன்றும் ஆஷாஃப் முடிச்சுகள் அவர் மனத்தைப் பற்றியிருந்தன. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றிய சில வாரங்களுக்குப் பின் இதயம் ஏன் புண்ணாகிறது என்பது அன்று புதிர். கிருமியின் கூறுகள் அந்த முடிச்சுகளில் தங்கியிருக்கலாம் என்ற ஊகம் இருந்தது, மெய்ப்பிக்க வழியில்லை. எதிர்ப்பொருளோடு கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றைக் கட்டித் திசுவின்மேல் விட்டால், அதுவே போய்த் தன் இலக்கைக் காட்டிக்கொடுக்கும் என்று கூன்ஸ் எண்ணினார். சாதாரணச் சாயத்தின் நிறம் போதாது; புறஊதா ஒளியில் இருட்டினூடே தானே மின்னும் உடனொளிர் பொருள் வேண்டும் என்பது அவருடைய அடுத்த எண்ணம்.

பாஸ்டனுக்குத் திரும்பிய கூன்ஸ் ஹ்யூ கிரீச், நார்மன் ஜோன்ஸ் என்னும் வேதியியலாளர்களோடு சேர்ந்தார். முதலில் ஆந்த்ரசீன் சேர்மம் ஒன்றை எதிர்ப்பொருளோடு பிணைத்தனர். 1941இல் வெளியான கட்டுரை, அவ்வாறு அடையாளமிடப்பட்ட எதிர்ப்பொருள் நிமோனியாக் கிருமிகளை ஒளிரச் செய்வதைக் காட்டியது. ஆனால் அதன் ஒளி நீலம். திசுவும் புறஊதா ஒளியில் இயல்பாகவே நீலமாக ஒளிர்வது. குளத்து நீரில் மழைத்துளியைத் தேடுவது போன்ற நிலை. ஆகவே பச்சையாக ஒளிரும் ஃப்ளூரசீனுக்கு மாறினர். தொற்றுக்கு ஆளான எலியின் திசுவில் நிமோனியாக் கிருமியின் ஆன்டிஜென் இருக்குமிடத்தைக் காட்டிய கட்டுரை 1942இல் வெளிவந்தது. விலங்குத் திசுவினுள் ஓர் எதிர்ப்பொருள் தன் இலக்கின் இருப்பிடத்தைச் சுட்டிய முதல் நிகழ்வுகளுள் அது ஒன்று.

உடனே கூன்ஸ் இராணுவ மருத்துவப் பணிக்குச் சென்றார். போர் முடிந்து திரும்பியபின் மெல்வின் காப்லனோடு சேர்ந்து முறையைச் செம்மைப்படுத்தி 1950இல் வெளியிட்டார். 1954இல் தாமஸ் வெல்லரும் அவரும் மறைமுக முறையைப் பயன்படுத்தினர். இதில் முதல் எதிர்ப்பொருளில் அடையாளம் ஏதும் இராது. அதனைப் பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருள்தான் ஒளிரும். ஒரு முதல் எதிர்ப்பொருளின்மேல் பல இரண்டாம் எதிர்ப்பொருள்கள் அமர்வதால் ஒளி பெருகும். அடையாளமிட்ட ஒரே இரண்டாம் எதிர்ப்பொருளைப் பல சோதனைகளுக்குப் பயன்படுத்தவும் இயலும். 1955இல் கூன்ஸ் குழுவினர் எதிர்ப்பொருள்கள் பிளாஸ்மா செல்களில் உருவாவதை இம்முறையாலேயே காட்டினர். எதிர்ப்பொருளைக் கொண்டு எதிர்ப்பொருளின் பிறப்பிடத்தையே கண்டதாயிற்று.

கூன்ஸின் தொடக்கக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் காப்லன் முக்கியமானவர். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மனித இதயத் திசுவையும் பற்றுகின்றன என்று அவர் 1962இல் காட்டினார். கிருமியின் புரதமும் இதயத்தின் புரதமும் ஓரளவு ஒத்த உருவம் உடையவை. எதிர்ப்பொருள் இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. இந்தியாவில் இன்றும் இளம் வயதினரின் இதய வால்வுகளைச் சிதைத்துவரும் வாதக் காய்ச்சலை விளங்கிக்கொள்ள இக்கண்டுபிடிப்பு வழிகாட்டியது. ஆய்வகத்துக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எதிர்ப்பொருள் ஒரு புரதத்தைப் பெயரால் அறிவதில்லை; அதன் மேற்பரப்பின் ஒரு சிறு துண்டை, உருவத்தால் மட்டுமே அறிகிறது. அதே உருவம் வேறோரிடத்தில் இருந்தால் அங்கும் சென்று அமரும். உடலில் இதயத்தைப் புண்ணாக்கும் இதே இயல்புதான் கண்ணாடித் தகட்டில் பொய்யான நிறத்தையும் தோற்றுவிக்கிறது.

உடனொளிர்வு முறை ஆராய்ச்சியாளர்களுக்கு வரம். மருத்துவமனை நோயியலர்களுக்கோ அது தொலைவிலேயே நின்றது. இருட்டறை வேண்டும், சிறப்பு நுண்ணோக்கி வேண்டும், ஒளி நாளடைவில் மங்கிவிடும், இருண்ட பின்னணியில் திசுவின் கட்டமைப்பு சரியாகத் தெரியாது. 1966இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பால் நகானேயும் பேரி பியர்ஸும் ஒளிர் பொருளுக்குப் பதிலாக ஒரு நொதியை எதிர்ப்பொருளோடு கட்டினர். பிரான்சில் ஸ்ட்ராடிஸ் அவ்ரமியாஸும் அக்காலத்தில் இதே வழியில் சென்றுகொண்டிருந்தார். ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரச்சுவைக் கிழங்கிலிருந்து பெறப்படும் பெராக்சிடேஸ் அந்த நொதி. ஹைட்ரஜன் பெராக்சைடும் டி.ஏ.பி. என்னும் நிறமற்ற வேதிப்பொருளும் சேர்ந்த கரைசலை ஊற்றினால், நொதி இருக்குமிடத்தில் மட்டும் கரையாத பழுப்பு நிறம் படியும். ஒரு நொதி மூலக்கூறே மீண்டும் மீண்டும் வினை புரிவதால் சிறிதளவு புரதமும் கண்ணுக்குத் தெரியும் அளவு நிறத்தைத் தரும். நிறம் ஆண்டுக்கணக்கில் மங்காது. சாதாரண நுண்ணோக்கி போதும். ஹீமடாக்சிலினின் நீலப் பின்னணியில் திசுவின் அமைப்பும் தெளிவாகத் தெரியும். கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட பழுப்பு நிறத்தின் பிறப்பு இதுவே.

அடுத்த தடை ஃபார்மலின். 1893இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஃபெர்டினாண்ட் புளூம், ஃபார்மால்டிஹைடு கரைசல் பட்ட தம் விரல்தோல் விறைத்துப்போனதைக் கவனித்து அதனைத் திசுப் பதப்படுத்தும் பொருளாக்கினார். அதன்பின் உலகின் மருத்துவமனைகள் ஃபார்மலினில் ஊறிப் பாரஃபின் மெழுகில் பதிந்த திசுக்கட்டிகளைக் கோடிக்கணக்கில் சேமித்து வைத்தன. ஃபார்மலின் புரதங்களைக் குறுக்குப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. வடிவம் அழியாமல் நிற்பது அதனால்தான்; எதிர்ப்பொருள் பற்றவேண்டிய துண்டு மறைந்துபோவதும் அதனால்தான். எனவே எதிர்ப்பொருள் சோதனைக்கு உறையவைத்த புதிய திசுவே வேண்டும் என்பது பொதுக் கருத்தாயிருந்தது. 1974இல் ஆக்ஸ்ஃபோர்டின் கிளைவ் டெய்லரும் ஜான் பர்ன்ஸும், ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவிலும் பிளாஸ்மா செல்களின் எதிர்ப்பொருள்களைப் பெராக்சிடேஸ் முறையால் காட்டினர். சேமிப்பறையின் கதவு சற்றே திறந்தது.

மறு ஆண்டு, 1975இல், கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் எதிர்ப்பொருள் தயாரிப்பின் தன்மையையே மாற்றினர். அதுவரை முயலுக்கோ ஆட்டுக்கோ ஆன்டிஜெனை ஊசிமூலம் செலுத்தி அதன் குருதிநீரை எடுப்பதே வழி. அக்குருதிநீரில் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். விலங்கு இறந்தால் அதே கலவை மீண்டும் கிடைக்காது. இவ்விருவரும் எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த, எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லை, ஓயாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லோடு இணைத்தனர். பிறந்த கலப்புச் செல் ஒரே வகை எதிர்ப்பொருளை முடிவின்றிச் சுரந்தது. மோனோகுளோனல் எதிர்ப்பொருள் எனப்படும் இக்கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. 1984இல் நீல்ஸ் யெர்னேயோடு இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். தோற்றத்தால் வகைப்படுத்த முடியாத புற்றுக்கட்டிகளை இதன்பின் புரதத்தால் வகைப்படுத்த முடிந்தது. கெரட்டின் இருந்தால் மேலணித் திசுப் புற்று, சி.டி.45 இருந்தால் நிணநீர்ப் புற்று. இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு.

ஃபார்மலின் மறைத்ததை மீட்கும் வழி மேலும் பதினாறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. ஃபார்மால்டிஹைடு புரதத்தோடு புரியும் வினையை மிகுந்த வெப்பத்தால் மீளச்செய்ய இயலும் என்று ஹைன்ஸ் ஃபிரேங்கல்-கான்ராட்டும் அவர் தோழர்களும் 1940களில் எழுதிய வேதியியல் கட்டுரைகளை ஷான்-ரோங் ஷி நூலகத்தில் கண்டெடுத்தார். நோயியலர்கள் அறிந்திராத கட்டுரைகள் அவை. மார்க் கீ, கிருஷன் கல்ரா ஆகியோரோடு சேர்ந்து, சீவிய திசுவை உலோக உப்புக் கரைசலில் இட்டு மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினார். 1991இல் வெளியான அந்த ஆய்வில் 52 எதிர்ப்பொருள்கள் சோதிக்கப்பட்டன. 39இல் நிறம் குறிப்பிடத்தக்க அளவு கூடியது, 9இல் மாற்றமில்லை, 4இல் குறைந்தது. வெப்பம் புரதத்தை அழிக்கும் என்ற பொதுநம்பிக்கைக்கு மாறான இம்முடிவு மிக விரைவில் உலகெங்கும் பரவியது. பல்லாண்டுகளுக்கு முன் சேமித்த திசுக்கட்டிகள் மீண்டும் பேசத் தொடங்கின.

ஆனால் சமையலறைக் கருவியால் எளிதாகிவிட்ட இச்சோதனையில் மாறக்கூடியவை எத்தனை என்பதையும் இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். திசு உடலிலிருந்து பிரிந்து ஃபார்மலினை அடையும்வரை கழிந்த நேரம், ஃபார்மலினில் ஊறிய மணிகள், சூடாக்கிய கரைசலின் காரத்தன்மை, வெப்பத்தின் அளவு, எதிர்ப்பொருளின் குளோன், அதன் செறிவு, நிறம் படியவிட்ட நிமிடங்கள், இறுதியாகப் பார்ப்பவரின் கண். இவற்றுள் எது பிசகினாலும் நிறம் கூடும் அல்லது குறையும். நிறம் படியாவிட்டால் புரதம் இல்லை என்று பொருளா, சோதனை தோற்றது என்று பொருளா? தகட்டை மட்டும் பார்த்து இதற்கு விடை கூற முடியாது.

இக்கேள்வியின் கனத்தைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து உணர்ந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடைய மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் தடுப்பு மருந்துகள் பயன் தருபவை. ஏற்பி இல்லாத நோயாளிக்கு அவை தரப்படுவதில்லை. அம்மாகாணத் தலைநகர் செயின்ட் ஜான்ஸின் ஆய்வகத்தில் 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட ஏற்பிச் சோதனைகள் பிற்பாடு ஐயத்துக்குள்ளாயின. 'நெகட்டிவ்' எனப்பட்ட திசுக்கட்டிகள் டொரான்டோவுக்கு அனுப்பி மறுசோதனை செய்யப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் சோதனைகளில் முந்நூறுக்கும் அதிகமானவற்றின் முடிவு மாறியது. பயன் தந்திருக்கக்கூடிய மருந்து அவர்களுக்கு உரிய காலத்தில் எழுதித் தரப்படவில்லை; அவர்களுள் பலர் மறுசோதனைக்கு முன்பே இறந்துபோயிருந்தனர். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009இல் அறிக்கை அளித்தது. தரக் கட்டுப்பாடு போதாமையையும், தவறு தெரிந்தபின் நோயாளிகளுக்கு அதனைச் சொல்வதில் நேர்ந்த குறைபாடுகளையும் அது விரிவாகப் பதிவுசெய்தது.

இத்தகைய தவற்றுக்கு எதிரான காவல், முறை பிறந்த நாளிலிருந்தே உடன் வந்ததுதான். புரதம் இருப்பது உறுதியான ஒரு திசுவையும் இல்லாதது உறுதியான ஒரு திசுவையும் ஒவ்வொரு முறையும் கூடவே சோதிக்க வேண்டும். மார்பகத் திசுவிலோ இயற்கையே ஒரு சாட்சியை வைத்திருக்கிறது. புற்றுக்கு அருகிலுள்ள இயல்பான பால்நாளச் செல்கள் சிலவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும். அவையும் நிறமின்றிக் கிடந்தால் 'நெகட்டிவ்' என்று எழுதக்கூடாது; சோதனை செல்லாது என்றுதான் எழுத வேண்டும். 2010இல் அமெரிக்க வல்லுநர் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல், மார்பகத் திசு ஃபார்மலினில் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மிகாமலும் இருக்கவேண்டும் என்றும், புற்றுச் செல்களின் உட்கருக்களில் 1 விழுக்காடு நிறம் பெற்றாலும் 'பாசிட்டிவ்' எனக் கொள்ளவேண்டும் என்றும் வகுத்தது. சிறு ஊர் மருத்துவமனையில் எடுத்த திசு நெடுந்தொலைவு பயணித்து நகரத்து ஆய்வகத்தை அடையும் இந்தியச் சூழலில், அம்மணிக்கணக்கு வெறும் அலுவலகக் குறிப்பு அன்று.

சொற்களும் நிலையாக நிற்பதில்லை. ஹெர்-2 புரதத்தைத் தாக்கும் டிராஸ்டுஸுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் 1998இல் ஒப்புதல் கிடைத்தபோது, எவருக்கு அது பயன்படும் என்று கண்டறியும் திசுச் சோதனையும் உடன் ஒப்புதல் பெற்றது. நிறத்தின் அழுத்தத்தை 0 முதல் 3 வரை மதிப்பிடுவது வழக்கமாயிற்று. 0, 1 இரண்டும் 'நெகட்டிவ்' என்பதால் அவற்றிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2022இல் டிராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டிகான் என்னும் மருந்து, குறைந்த அளவு ஹெர்-2 உள்ளவர்களுக்கும் ஒப்புதல் பெற்றது. பரவிய நோயுடன் அம்மருந்தை எதிர்நோக்கும் ஒருவருக்கு 0, 1 என்னும் இரண்டு எண்களின் இடைவெளி திடீரென்று பெரும் பொருள் கொண்டது. திசு மாறவில்லை, நிறமும் மாறவில்லை. 'நெகட்டிவ்' என்ற சொல்லின் எல்லை மாறிவிட்டது. மொழியியல் மாணவர்கள் நன்கறிந்த உண்மை இது. ஒரு சொல்லின் பொருளை வரையறுப்பது அதன் அண்டைச் சொற்களோடு அதற்குள்ள வேறுபாடு. அவ்வேறுபாட்டுக்குப் பயன் பிறக்கும்போது புதிய சொல்லும் பிறக்கிறது.

2003இல் ஸ்வீடனில் மத்தியாஸ் ஊலேன் தலைமையில் தொடங்கிய மனிதப் புரத வரைபடத் திட்டம், மனித உடலின் புரதங்கள் எந்தெந்தத் திசுக்களில் உள்ளன என்பதை எதிர்ப்பொருள்களைக் கொண்டு பட்டியலிட முனைந்தது. பல இலட்சக்கணக்கான திசுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நிறம் எங்கே, எவ்வளவு என்று குறித்தவர்களுள் மும்பையைச் சேர்ந்த நோயியலர் குழுவினர் பெரும்பங்கு வகித்தனர். அத்திட்டம் ஒவ்வொரு எதிர்ப்பொருளுக்கும் நம்பகத்தன்மை மதிப்பீட்டையும் சேர்த்து வெளியிடுகிறது. சந்தையில் விற்கப்படும் எதிர்ப்பொருள்களுள் பல, உறையில் எழுதிய புரதத்தோடு வேறு புரதங்களையும் பற்றுகின்றன என்ற கவலை அறிவியல் உலகில் வலுத்துள்ள காலத்தில், அந்த மதிப்பீடு படங்களுக்கு இணையான மதிப்புடையது.

எர்லிக்கின் உவமையில் திறவுகோல் ஒரு பூட்டை மட்டுமே திறக்கும். நூற்றாண்டு வரலாறு காட்டுவது, திறவுகோல் சில வேளைகளில் அண்டை வீட்டுப் பூட்டையும் திறக்கும், துருப்பிடித்த பூட்டைத் திறக்காமலும் போகும் என்பதை. கூன்ஸ் முதல் ஷி வரை இம்முறையை வளர்த்தோர் ஒவ்வொருவரும் புதிய நிறத்தைத் தந்ததோடு, அந்நிறத்தை எப்போது நம்பக்கூடாது என்பதற்கான அளவுகோலையும் கூடவே தந்தனர். முதலாவதை உலகம் உடனே பெற்றுக்கொண்டது. இரண்டாவதைப் பெறாததன் கணக்கு நியூஃபவுண்ட்லாந்தின் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. திசுவியல் பயிலும் மாணவர் ஒருவர் முதல் தகட்டை நுண்ணோக்கியில் வைக்கும்போது, பழுப்பு நிறம் எங்கே என்று தேடுவதற்கு முன் ஒப்பீட்டுத் திசுவில் அது உரிய இடத்தில் படிந்துள்ளதா என்று பார்க்கப் பழகினால், அந்த அறிக்கை வீணாகவில்லை என்று கொள்ளலாம்.